வாடகை வளவில் நாலு கோழி: இதெல்லாம் தெரியுமா?

யாழ்ப்பாணத்துக் கோழி எதைக் கொண்டு முட்டைக்கு ஓடு கட்டுகிறது தெரியுமா? நீங்கள் நிற்கும் அதே தரையைக் கொண்டு! முட்டைக் கோதில் நூற்றுக்கு 94 பங்குக்கு மேல் கல்சியம் காபனேற்று. குடாநாட்டின் அடியில் கிடக்கும் மயோசீன் காலச் சுண்ணக்கல்லும் கல்சியம் காபனேற்றுத்தான். 1950இல் காங்கேசன்துறையில் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரை எத்தனை பெரிய இயந்திரங்களை வைத்து அந்தக் கல்லை அரைத்துச் சுட்டது! உங்கள் கோடிப்புறத்தில் கிண்டித் திரியும் பேடு அதையே துணிக்கை துணிக்கையாகக் கொத்தி விழுங்கி, சத்தமே இல்லாமல் இரவோடிரவாக ஓடாக்கிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணித்தியாலம். அதில் ஏறத்தாழ 20 மணித்தியாலம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். ஓர் ஓட்டுக்கு 2 கிராம் கல்சியம் வேண்டும். கோழியின் எலும்புக்கூடு முழுவதையும் சேர்த்தாலும் சுமார் 20 கிராம்தான் இருக்கும். இரவில் தீனிலிருந்து வரும் கல்சியம் தீர்ந்தால், முட்டைக்கென்றே காலெலும்புக்குள் சேர்த்து வைத்திருக்கும் தனிச் சேமிப்பிலிருந்து எடுக்கும். பகலில் தின்று அதைத் திருப்பி நிரப்பும். சித்திரை வெயிலில் முட்டைக் கோது ஏன் மெல்லியதாகிறது என்று கேட்பவர்களுக்கும் விடை இருக்கிறது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடம்பை ஆற்றும். அப்படி இரைக்கும்போது காபனீரொட்சைட்டு அளவுக்கு மேல் வெளியேறிவிடும். காபனேற்றுக்கு மூலப்பொருள் குறைந்துபோகும். ஆகவே கோழிக்கு நிழல் கொடுப்பது வெறும் இரக்கம் என்று நினைக்காதீர்கள். கோது உடையாமல் இருக்கிறதற்கும் அதுதான் வழி.

சரி, சொந்த வீட்டுக்காரருக்கு இது பொருந்தும். வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வது? குடாநாட்டில் வாடகை வீடு என்றால் பெரும்பாலும் வளவோடுதான் கிடைக்கும். ஒரு மாமரம், ரெண்டு முருங்கை, கிணற்றடியில் வாழை. வீட்டுக்காரர் லண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருப்பார். அவருடைய சித்தப்பாவோ மச்சானோ மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார். வளவு நிறையப் புல்லும் பூச்சியும் சும்மா கிடக்கும். கோழிக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

வேண்டாதது ஒன்று உண்டு: சேவல். முட்டையிடப் பேட்டுக்குச் சேவல் தேவையே இல்லை, தெரியுமா? படித்தவர்கள் வாயிலிருந்துகூட "சேவல் இல்லாமல் எப்படி முட்டை வரும்?" என்ற கேள்வி இன்னமும் வருகிறது. குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். வாடகை வீட்டில் அயலவரோடு சமாதானமாக இருக்க நினைப்பவர் மூன்று நாலு பேட்டோடு நிறுத்திக்கொள்வது புத்தி.

ஏன் என்றால் சேவல் கூவுவது ஒரு பெரிய விஷயம்! விடிந்தால்தான் கூவும் என்று நினைத்திருந்தோமே, அது சரியில்லை. 2013இல் யப்பானின் நகோயா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் சேவல்களை எந்நேரமும் மங்கல் வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். பகலும் இல்லை, இரவும் இல்லை. சேவல்கள் அப்போதும் ஏறக்குறைய நாளுக்கொரு முறை, தங்கள் உள்மணிக்கூட்டின்படி, நேரம் தவறாமல் கூவின. விடிவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னரே தொடங்கிவிடும் பழக்கம் அந்த மணிக்கூட்டில் இருக்கிறது. இங்கே சூரியன் ஆறு மணியை ஒட்டி எழும்புவதால், நாலு மணிக்கே கச்சேரி. இரண்டு வருடம் கழித்து அதே குழு இன்னொன்றையும் கண்டது: பல சேவல்கள் இருக்கும் இடத்தில் முதலில் கூவும் உரிமை தலைச் சேவலுக்கே. அதற்குப் பிறகு இரண்டாவது, மூன்றாவது என்று பதவி வரிசைப்படிதான் கூவும். தலைச் சேவலைத் தூக்கிவிட்டால் அடுத்த இடத்தில் இருப்பது முந்திக்கொள்ளும். நம் ஊரின் கோயில் மரியாதை வரிசைச் சண்டைகளை நினைத்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சத்தத்தில் சேவலுக்கே ஏன் காது செவிடாவதில்லை? அலகை அகலத் திறந்து கூவும் கணத்தில் அதன் காதுத் துவாரம் தானாக மூடிக்கொள்கிறது! பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்தபோது, சேவலின் காதருகே 140 டெசிபலுக்கும் மேல் போயிருந்தது. பக்கத்து வீட்டு மாமியின் காதுக்கு அப்படி ஒரு மூடி கிடையாது. பிரான்சில் இது நீதிமன்றம் வரை போனது. ஒலரோன் தீவில் மொரிஸ் என்ற சேவல் விடியற்காலையில் கூவுகிறது என்று அயலவர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 செப்டெம்பரில் தீர்ப்பு மொரிஸ் பக்கம் வந்தது. அந்த வாதப்பிரதிவாதங்களின் சூட்டில், கிராமத்துச் சத்தங்களும் வாசனைகளும் மரபுச் சொத்து என்று 2021இல் சட்டமே இயற்றிவிட்டார்கள். நமக்கு அந்தச் சட்டம் உதவிக்கு வராது. ஆகவே சேவல் வேண்டாம்.

வேண்டாம் என்றாலும் அயல்வளவுச் சேவல் வேலி பாய்ந்து வந்து போகுமே? இங்கேதான் அடுத்த அதிசயம். ஒரே ஒரு தரம் சேவல் சேர்ந்தாலும் பேட்டின் உடலுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் விந்தணு இரண்டு வாரம்வரை, சிலவேளை அதற்கும் மேலாக, உயிரோடு இருக்கும். சேவலே இல்லாத உங்கள் வளவில் திடீரென்று குஞ்சு பொரித்தால் பயப்படாதீர்கள், அயலில் விசாரியுங்கள்.

வேலி என்றதும் யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. கிடுகு வேலியோ பனையோலை வேலியோ, கோழிக்கு எல்லாம் ஒன்றுதான். அடியில் ஒரு சாண் இடைவெளி போதும். "உங்கட கோழி வந்து எங்கட கத்தரிக்கண்டெல்லாம் கிண்டிப்போட்டுது, பாருங்கோ பிள்ளை!" என்ற குரல் ஒரு நாள் நிச்சயம் கேட்கும். இந்தப் பிணக்கு எவ்வளவு பழசு தெரியுமா? முற்றத்தில் காயவைத்த தானியத்தைக் கொத்த வந்த கோழியைத் துரத்த, காதில் கிடந்த பொற்குழையையே கழற்றி எறிந்த காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்களைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஏறத்தாழ 2,000 வருடச் சண்டை!

கத்தரியை விடுங்கள். மிளகாய்க் கண்டைக் கோழி சும்மா விடும் என்று நினைத்தீர்களா? யாழ்ப்பாணத்து மிளகாயின் உறைப்பு உலகப் பிரசித்தம். ஆனால் கோழிக்கு அது துளிகூட உறைக்காது! நம் நாக்கில் உறைப்பை உணரும் ஏற்பி ஒன்று இருக்கிறது. பறவைகளில் அந்த ஏற்பி மிளகாயின் கப்சைசினுக்கு அசைந்து கொடுப்பதில்லை. 2002இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வுகூடம் கோழியின் ஏற்பியை எடுத்தே இதை மூலக்கூற்று மட்டத்தில் காட்டியது; அந்த உறைப்பு ஏற்பியைக் கண்டறிந்ததற்காக அவருக்கு 2021இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. விலங்குகள் தின்னாமல் பறவைகள் தின்று விதையைப் பரப்பட்டும் என்பது மிளகாயின் கணக்கு. மிளகாய்ப் பாத்திக்கு வலை கட்டுவதே நம்முடைய கணக்கு.

நோபல் பரிசு என்றால் கோழிக்கு இன்னொரு பழைய தொடர்பும் உண்டு, இது நம் குசினியோடு ஒட்டியது. 1890ஐ ஒட்டிய காலம், பத்தேவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. கிறிஸ்ரியான் ஐக்மன் என்ற ஒல்லாந்து வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருக்கிறார். அவருடைய கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழுகின்றன. பிறகு ஒரு நாள், ஒரு காரணமும் இல்லாமல், குணமாகிவிடுகின்றன! துருவிப் பார்த்தால், இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர் 'இராணுவத்து அரிசி ஊர்க்கோழிகளுக்கா?' என்று மறுத்துவிட, கோழிகளுக்குத் தவிடு நீக்காத அரிசி கிடைத்திருக்கிறது. தவிட்டில் இருந்ததுதான் பின்னாளில் விற்றமின் பி1 என்று பெயர் பெற்றது. 1929இல் ஐக்மனுக்கு நோபல் பரிசு. தவிட்டைக் குழைத்துக் கோழிக்கு வைத்த நம் ஆச்சிமாருக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை.

அரிசிக்கும் கோழிக்கும் உள்ள உறவு இன்னும் ஆழம். தாய்லாந்தின் பான் நொன் வாட் என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட எலும்புகளே வீட்டுக்கோழியின் ஆகப் பழைய உறுதியான தடயம் என்று 2022இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. காட்டுக்கோழியை மரத்திலிருந்து மனிதனிடம் இறக்கியது வயலில் சிந்திய நெல்லாம்! இதைவிடப் பெரிய ஆச்சரியம் கோழியின் காலில் இருக்கிறது. உங்கள் பேட்டின் கால் மஞ்சளா? அந்த மஞ்சள் நிறத்துக்கான மரபணு தென்கிழக்காசியச் செங்காட்டுக்கோழியிடமிருந்து வந்ததல்ல. தென்னிந்தியக் காடுகளில், மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் சுவீடனின் உப்சலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். உலகமெங்கும் பண்ணைகளில் நிற்கும் மஞ்சள்கால் கோழிகளில் நம் பக்கத்துக் காட்டின் இரத்தம் ஓடுகிறது. இலங்கைக்கே உரிய காட்டுக்கோழி, சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் பொட்டு வைத்தது போன்றது, நம் தேசியப் பறவை. உலகில் வேறெங்கும் அது இயற்கையாக இல்லை.

சேவலுக்கு நடுகல் நட்ட இனம் நாம் என்பதாவது தெரியுமா? விழுப்புரத்துக்குப் பக்கத்தில் அரசலாபுரத்தில், சண்டையில் மடிந்த சேவலுக்கு எடுத்த கல் நிற்கிறது. ஏறத்தாழ 1,500 வருடம் பழசு. எழுத்தும் உண்டு, சேவலின் உருவமும் உண்டு.

இப்போது வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் 2024 ஒக்டோபர் 1 முதல் ஒரே ஒரு கோழி வளர்த்தாலும் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும். ரொறொன்ரோவில் 2018 முதல் சில வட்டாரங்களில் மட்டும் நாலு பேடு வரை வைத்திருக்கப் பரீட்சார்த்தமாக அனுமதித்தார்கள். சேவலுக்கு அங்கும் இடமில்லை. திட்டத்தையும் பிறகு முடித்துவிட்டார்கள். பதிவு செய்து அனுமதி வாங்கினாலும் குளிர்காலத்தில் லண்டன் கோழி முட்டையிடத் தயங்கும். முட்டைக்கு உத்தரவு கொடுப்பது பகல் வெளிச்சத்தின் நீளம். லண்டனில் மார்கழிப் பகல் 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீளமான பகலுக்கும் மிகக் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கோழி வளர்க்க இந்தக் குடாநாட்டை விட்டால் வேறு இடம் ஏது!

முட்டையை என்ன செய்வது என்று யாழ்ப்பாணத்துக்குச் சொல்லித்தர வேண்டுமா? பிள்ளை பெரியபிள்ளையானால் நல்லெண்ணெயும் ஊர்க்கோழி முட்டையும் தேடி ஊரெல்லாம் அலைவார்கள். அப்போது வளவில் பேடு வைத்திருப்பவர்தான் ஊருக்கு வேண்டியவர். முட்டையைக் கழுவாமல் வையுங்கள். இட்டதும் ஓட்டின் மேல் படியும் மெல்லிய படலம் அதன் நுண்துளைகளை அடைத்து நிற்கிறது, கழுவினால் போய்விடும். அந்தப் படலம் இருந்தால் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே நாட்கணக்கில் தாங்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்போது இந்தப் படலத்தின் அருமை தெரிந்திருக்கும். அந்த வருடம் ஜூனில் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையே கொடுத்தார்கள். கோழித்தீன் இல்லை, பண்ணைகள் படுத்துவிட்டன. 2023இல் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்து இறங்கியது. நாலு பேடு வைத்திருந்த வீடு அந்த நேரம் முட்டைக்காகக் கடை வாசலில் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மரக்கறி, நல்லூர்த் திருவிழாக் காலம் முழுவதும் மரக்கறி என்று இருக்கும் வீடுகளில் முட்டை தேங்கிவிடும். கோழிக்குக் கொடியேற்றம் தெரியுமா என்ன! அந்த நேரம் ஒரு பேடு அடையில் விழுந்து, அயற்சேவலின் உபயமும் இருந்தால், பிரமாதமான கணக்கு ஒன்று சரிவரும். அடைகாக்க 21 நாள். நல்லூர்த் திருவிழா 25 நாள். தேர் 24ஆம் நாள். கொடியேற்றத்தன்று அடை வைத்தால் சேவற்கொடியோன் தேரேறும் முன் குஞ்சு வெளியே வந்துவிடும்!

அடை வைக்கும்போது பெட்டிக்குள் ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் செத்தல் மிளகாயும் போடுவது ஊர் வழக்கம். இடி முழங்கினால் முட்டை கூழாகாதாம். அறிவியல் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை, போட்டாலும் நட்டமில்லை. அடை தெளிவிக்க மூக்கில் இறகு குத்துவதைத்தான் விட்டுவிடலாம். அடைக்குக் காரணம் புரோலக்ரின் என்ற ஓமோன்; மூக்கு ஒரு பாவமும் செய்யவில்லை. அடியில் காற்றோடும் கம்பிவலைக் கூட்டில் ரெண்டு மூன்று நாள் வைத்தால், வயிற்றுச் சூடு தணிந்து தானாகத் தெளியும்.

பொரிப்பதற்கு ஒரு நாள் முன்பே குஞ்சு முட்டைக்குள்ளிருந்து கீச்சிடும், தாய் வெளியிலிருந்து பதில் சொல்லும், கேட்டிருக்கிறீர்களா? காதை முட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள், கேட்கும். வெளியே வருவதற்குச் சற்று முன் மிச்ச மஞ்சட்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் இரண்டு மூன்று நாள் தின்னாமலே இருக்கலாம். ஒருநாள் குஞ்சுகளைக் காட்போட் பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்ப முடிவது இதனால்தான். இத்தாலியில் மூன்று நாள் வயதுக் குஞ்சுகளை வைத்து 2015இல் நடந்த ஆய்வு இன்னும் விசித்திரம்: சிறிய எண்ணிக்கையை இடப்பக்கமும் பெரிய எண்ணிக்கையை வலப்பக்கமும் தேடினவாம். நாம் கணக்குப் புத்தகத்தில் எண்கோடு வரையும் அதே ஒழுங்கு!

எதிரிகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மேலே பிராந்து, கீழே கீரி, இரவில் மரநாய். கீரிமுகம் நீங்கிய முனிவரின் பெயரால் கீரிமலையையே வைத்திருக்கும் நாம் கீரியைக் கொல்லவும் கூடாது. வானத்து ஆபத்துக்கு ஒரு குரல், தரையில் வரும் ஆபத்துக்கு வேறு குரல் என்று கோழிகள் பிரித்தே எச்சரிக்கும். கொஞ்ச நாளில் குசினிக்குள் இருந்தே எது வருகிறது என்று உங்களுக்கும் விளங்கும். பொழுதுபட்டால் கோழிக்குக் கண் மங்கிவிடும். ஆகவே மாலையில் கூடு பூட்டுவது ஒரு நாளும் தவறக்கூடாத வேலை. மற்றபடி ராணிக்கெட் தடுப்பு மருந்தை உங்கள் பிரிவு மிருக வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள். கண்ணில் ஒரு சொட்டு விடும் காரியம். அதைப் போடாமல் விட்டால், வந்தபின் மருந்து கிடையாது.

கூட்டை எங்கே வைப்பது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிணற்றடியில் வைக்கவே வைக்காதீர்கள்! வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றில்லாத இந்தக் குடாநாட்டுக்கு நிலத்தடி நீர்தான் உயிர். சுண்ணக்கல்லோ துவாரம் நிறைந்தது, மேலே விழுவதைக் கீழே இறக்கிவிடும். பசளையாலும் மலக்குழிகளாலும் இங்கே பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பது தெரிந்த செய்தி. கோழி எச்சம் நைத்திரசன் நிறைந்தது. வாழைக்கும் மாவுக்கும் அமிர்தம், கிணற்றுக்கு நஞ்சு. வளவின் மறுகோடியில், தூக்கி நகர்த்தக்கூடிய பலகைக் கூடாக, மேலே பனையோலை வேய்ந்து வையுங்கள். வாடகைக்காரருக்கு நிலையான கட்டடம் எதற்கு? எச்சத்தை அவ்வப்போது அள்ளிக் காயவைத்து மர அடியில் போடுங்கள். பக்கத்தில் ஒரு குழி செம்பாட்டு மண், அதில் கொஞ்சம் அடுப்புச் சாம்பல். கோழி அதில் புரண்டு குளித்துத் தன் பேனைத் தானே போக்கிக்கொள்ளும்.

வீடு மாறும்போது என்ன செய்வது என்று கேட்பீர்கள். கோழிகளைப் பகலில் துரத்தாதீர்கள். இருட்டியபின் கொப்பிலிருந்தோ கூட்டிலிருந்தோ பூப்போல எடுத்துப் பெட்டியில் வையுங்கள். சைக்கிள் ஹாண்டிலில் கால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். விலங்குகளை வதைபடும்படி கொண்டுபோவது 1907ஆம் ஆண்டு மிருகவதைச் சட்டத்தின்படியே குற்றம். புது வளவில் ஏழெட்டு நாள் கூட்டுக்குள்ளேயே வைத்துத் தீன் போட்டால், பிறகு திறந்துவிட்டாலும் மாலையில் அங்கேயே திரும்பும். புதுக் கோழிகளோடு சேர்த்தால் முதலில் கொத்துப்படும். கொத்தும் வரிசை என்ற அந்தப் பதவிப் படியை, சிறுவயதிலிருந்தே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி வந்த நோர்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே 1921இலேயே வெளியிட்டுவிட்டார். சில நாளில் அடங்கிவிடும்.

ஒரு பேடு ஐந்து, ஆறு, சிலவேளை எட்டு வருடம்கூட இருக்கும். வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு, அல்லது இரண்டு. ஆகவே முதல் குஞ்சை வாங்குவதற்கு முன் வீட்டுக்காரருக்கு ஒரு போன் எடுங்கள்: "அண்ணை, வளவில நாலு பேடு வளர்க்கட்டோ? சேவல் இல்லை, கிணத்தடிக்குக் கிட்டவும் விடமாட்டன். ஊருக்கு வரேக்க முட்டை உங்களுக்குத்தான்." ஓம் என்றால் அதை ஒப்பந்தத்திலும் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.